தூங்க அனுமதி

செவ்வாய் இரவு அப்டேட் ஏறியது.
புதன் காலை ஒன்பதே காலுக்கு முதல் தடவை:
பதினெட்டாம் வரிசையில் திரை நின்றுபோனது.
எழுத்துப்பலகையின் சின்னப் பச்சை விளக்கு மட்டும்
எதுவும் நடக்காததுபோல் எரிந்துகொண்டிருந்தது.

ஜாலான் ஈப்போ, மூன்றாங்கட்டை.
கீழே டயர் கடை. மேலே நாங்கள்:
காவலாளிகளை வாசல் வாசலாக அனுப்பும் கம்பெனி.
அறுபத்து மூன்று பேருக்குச் சம்பளம் போட
ஒரே கணினி,
ஒரே கோகிலவாணி, அதாவது நான்.
இருபத்தெட்டாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள்.

அணைந்தால்கூடத் தேவலை. அணையவில்லை.
எல்லாம் அப்படியே இருக்கிறது:
பெயர், வங்கி எண், கடைசியாகத் தட்டிய பூஜ்யம்.
எதைத் தொட்டாலும் பதிலில்லை.
ஊடல் என்றுகூடச் சொல்ல முடியாது;
ஊடலில் ஒரு முறைப்பாவது இருக்கும்.

பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன்.
உயிர் போகும்வரை பிடித்திருக்க வேண்டும்.
மதியத்துக்குள் விரலுக்குப் பழகிவிட்டது.

வைரஸ் என்றார் முதலாளி, பாதிப் படியில் நின்றபடி.
சூடு, விசிறி வை என்றான் கீழ்க்கடை ஆ செங்.
வைத்தேன். ரசீதுகள் பறந்து அலமாரிக்குப் பின்னால் போயின.
இம்பியிலிருந்து வந்த கோக் வெய்
நினைவகத் தகட்டைக் கழற்றி
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினான்.
‘ஓகே சுடா, காக்.’ எண்பது வெள்ளி.
அவன் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்பதற்குள்
திரை நின்றது.

அப்டேட்டையே திருப்பி அனுப்பப் பார்த்தேன்.
பத்து நாளுக்குள் என்றால் முடியும் என்றது.
வட்டம் சுற்றிச் சுற்றி, பாதி வழியில்,
முடியாது என்றது. காரணம் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒரு நோட்டு போட்டேன்.
பழைய ரோந்துப் புத்தகம்,
நேரம், இடம், குறிப்பு என்று கட்டம் அச்சடித்தது.

9.15 பதினெட்டாம் வரிசை. பெயரின் எழுத்து சரியா என்று யோசித்தேன்.
10.50 முகவர் போன்.
11.32 தே ஓ வாங்க இறங்கினேன்.
2.05 மழை. ஜன்னல் சாத்தினேன்.
4.10 ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் பக்கத்தின் அடியில், பிடிபட்டது.
தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவைகூட அது நின்றதில்லை.
நான் கை எடுத்தபோதெல்லாம் நின்றிருக்கிறது.

அமைப்புகளுக்குள் இன்னோர் அமைப்பு,
அதற்குள் யாரும் போகாத ஒரு பட்டியல்.
அங்கே கிடந்தது, புதிதாய் வந்து உட்கார்ந்த சரிக்குறி:
யாரும் கேட்காத நேரத்தில் வட்டு கண்ணயரலாம்,
மின்சாரம் மிச்சம்.
அயர்ந்திருக்கிறது. எழுப்பினால் எழத் தெரியவில்லை.
அவ்வளவுதான் நோய்.

சரிக்குறியை எடுத்தேன்.
தே ஓவை வேண்டுமென்றே ஆறவிட்டுக் குடித்தேன்.
ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன்.
அலமாரியை நகர்த்தி ரசீதுகளைப் பொறுக்கினேன்.
திரும்பிப் பார்த்தால் மூலையில் கடிகாரம்
ஓடிக்கொண்டிருந்தது.

கடகடவென்று போனது வேலை.
பத்தொன்பது, இருபது, முப்பத்திரண்டு,
நாற்பத்தொன்று.

புஷ்கர் தாமாங். செகாம்புட் கொண்டோ, பின்வாசல்.
இருபத்தாறு இரவு, இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.
குறிப்பு: அதிகாலை 3.40, நாற்காலியில் தூக்கம்.
படம் இணைக்கப்பட்டுள்ளது.
படத்தில் வாய் திறந்திருக்கிறது, தொப்பி மடியில்,
கையிலிருந்து நழுவிய டார்ச்
அவன் காலணியை மட்டும் காட்டுகிறது.
கழிவு: ஐம்பது வெள்ளி.

ஐந்தைத் தட்டினேன்.
பூஜ்யத்தின்மேல் விரல் போய், எடுத்துக்கொண்டேன்.
கீழே நட்டு கழற்றும் இயந்திரம் வீறிட்டு ஓய்ந்தது.
ஒரு நிமிடம். இரண்டு.
மூன்று நாளில் பதினேழு தடவை நின்றாயே,
இன்னும் ஒரு தடவை.

ஐந்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு
சிமிட்டிக்கொண்டே இருந்தது,
பொட்டுத் தூக்கமில்லாமல்.